ராமேஸ்வரம் தரிசனத்தோடு அரியமான் கடற்கரை: எந்த மாதம், எந்த நேரம், எப்படி

ராமேஸ்வரத்தில் கடல் என்றால் பலருக்கும் அக்னி தீர்த்தமும் அரிச்சல்முனையும்தான். முன்னது நீராடி, தர்ப்பணம் கொடுக்கும் இடம். பின்னதற்கு 2017ல் தார்ச்சாலை வந்தபிறகு விடுமுறை நாளில் வண்டி நிறுத்தவே இடம் கிடைப்பதில்லை. இரண்டு கடலும் சேரும் அந்த முனையில் நீரோட்டம் இழுக்கும், குளிக்கவும் கூடாது. குழந்தைகளோடு கொஞ்ச நேரம் தண்ணீரில் நின்று, சவுக்கு நிழலில் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்றால் பாம்பன் பாலத்தைத் தாண்டி அரியமானுக்கு வாருங்கள்.

வழி

ராமநாதபுரம் – ராமேஸ்வரம் நெடுஞ்சாலையில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே வடக்கே பிரியும் சாலை. ராமேஸ்வரத்திலிருந்து வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பேருந்தில் வருபவர்கள் நடத்துநரிடம் முதலிலேயே சொல்லி விலக்கில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். திரும்புவதற்கு அங்கே ஆட்டோ காத்திருக்காது, வந்த ஆட்டோக்காரரிடமே நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் கேட்டால் கொடுக்கச் சில்லறை இருக்கட்டும்.

தரிசனத்துக்கு முன்பா, பின்பா? பின்புதான். அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணி மாற்றிக்கொண்டு சுவாமி பார்ப்பது என்பதே அரைநாள் வேலை. உப்பும் மணலுமாகக் கோயிலுக்குப் போய் மறுபடி குளிப்பது வீண் அலைச்சல். மதியம் நடை சாத்தியதும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மூன்றரை மணி வாக்கில் கரைக்கு வரலாம். அறையைக் காலி செய்து ஊர் திரும்பும் நாளில் வைத்துக்கொண்டால் இன்னும் வசதி, போகிற வழிதானே.

ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஆட்கள் பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ரயில் பாலத்தைப் படம் எடுப்பார்கள், பின்னால் மண்டபம் வரை நெரிசல் நிற்கும். ஞாயிறு மாலையும் காணும் பொங்கலும் உள்ளூர்க் குடும்பங்களுக்கான நாட்கள். அமைதி தேடி அன்று போகாதீர்கள். செவ்வாய், புதன் போல வாரநாளில் வந்தால் கரையில் நாட்டுப் படகுகளும் நாய்களும்தான் இருக்கும்.

காற்றைப் பார்த்துக் கிளம்புங்கள்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். 'பாக் நீரிணை பெண் கடல், எப்போதும் அமைதி' என்று கேட்டுவிட்டு நவம்பரில் வந்து நிற்பார்கள். அரியமான் வடக்குப் பார்த்த கரை. அக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று நேராக அதன் முகத்தில் அடிக்கும். அலை உயராவிட்டாலும் தண்ணீர் சேறாகக் கலங்கிவிடும். கடல் தாழை எனப்படும் கடற்புல்லும் பாசியும் கரையில் குவிந்து அழுகி நாறும், கால் வைக்கப் பிடிக்காது. அந்த மாதங்களில் ஆண் கடல் எனப்படும் மன்னார் வளைகுடாப் பக்கம்தான் அடங்கியிருக்கும். அப்போது பாம்பன் அருகே குந்துகாலுக்குப் போங்கள்; 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம், நினைவு மண்டபம் இருக்கிறது. உட்கார்ந்து பார்க்க நல்ல இடம், குளிக்க அல்ல.

பிப்ரவரி, மார்ச் அரியமானுக்கு மிக ஏற்றது. மே முதல் செப்டம்பர் வரை சோழகக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அப்போது தண்ணீர் தட்டுப்போல் கிடக்கும், பார்த்தால் பயமே வராது. ஆபத்தும் அதில்தான். காற்றடைத்த வளையம், ரப்பர் மெத்தை, பந்து எதைப் போட்டாலும் காற்று அதை வெளியே தள்ளிக்கொண்டு போகும். ஆழமில்லை என்று பின்னாலேயே நடப்பார்கள். திரும்பிப் பார்க்கும்போது கரை எங்கோ இருக்கும். இந்த மாதங்களில் மிதவைகளைக் காரிலேயே விட்டுவிடுங்கள். பந்து போனால் போகட்டும். படகுச் சவாரி போனால் உயிர்காப்பு அங்கியின் வார்களை இழுத்துப் பூட்டுங்கள்; தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் அங்கி காது வரை ஏறினால் அது தளர்வு.

நிழலுக்கும் ஒரு கணக்கு உண்டு. சவுக்குத் தோப்பு கரைக்குத் தெற்கே இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நண்பகலிலும் மர நிழல் கடல் பக்கம் விழும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும், நிழல் தோப்புக்குள்ளேயே விழும். வெயில் காலத்தில் பதினொன்றிலிருந்து மூன்று வரை மணலில் விரிப்புப் போட்டு உட்காரும் எண்ணமே வேண்டாம். டிசம்பரில் ஆறு மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும், அதற்கேற்ப முன்கூட்டிக் கிளம்புங்கள்.

தண்ணீரில் இறங்கும்போது

கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் அடித்தரை அவ்வளவு தட்டை என்பதால் வற்றம் நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் விலகிவிடும். முழங்கால் ஆழத்துக்கே நிறைய நடக்க வேண்டியிருக்கும். இடுப்பளவோடு நில்லுங்கள். யாராவது காப்பாற்ற வருவார்கள் என்று நம்பி இறங்கக் கூடாது. குழந்தைகள் இருந்தால் பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள், ஒருவர் கரையில். படகுகளின் நங்கூரக் கயிறு தண்ணீருக்கு அடியில் சாய்ந்து ஓடும், இடறி விழுவார்கள். படகுக்குப் பக்கத்தில் குளிக்க வேண்டாம்.

தாழை வளர்ந்த ஆழமற்ற மணலில் திருக்கை புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைத்து நடந்தால் அதன் முதுகில் மிதிப்பீர்கள், வால் முள் கணுக்காலில் ஏறும். பாதத்தை மணலோடு தேய்த்துத் தேய்த்து நகர்ந்தால் அதிர்வு தெரிந்து அதுவே விலகும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான வெந்நீரில், சுமார் 45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் காலை வைக்க வேண்டும்; வலி குறையும். வெந்நீர் இறக்கும்முன் நல்ல காலால் சூடு பாருங்கள், வலியில் துடிக்கும் காலுக்குச் சூடு தெரியாது. வலி அடங்கினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், முள் துண்டு உள்ளே இருக்கலாம்.

சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்டு எரிந்தால் கடல் நீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றுவதும் மணல் போட்டுத் தேய்ப்பதும் மிச்சமிருக்கும் நச்சையும் வெளியே விடும். ஒட்டியிருக்கும் இழைகளை அட்டைத் துண்டால் எடுங்கள். மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் ராமநாதபுரத்துக்கு.

கையில் என்ன

ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர். இந்தப் பக்கத்து நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. வாரநாளில் கடை திறந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. கால் கழுவ ஐந்து லிட்டர் கேன் ஒன்று இரண்டு பேருக்குப் போதும். ஈர மணலைத் தட்டினால் போகாது. டால்கம் பவுடர் தூவித் துடைத்தால் உதிர்ந்துவிடும். உடை மாற்ற, பெண்களுக்கு இரண்டு பழைய சேலை இருந்தால் மரங்களுக்கிடையே கட்டிக்கொள்ளலாம். மீன் வாங்கி வறுக்கும் ஆசை இருந்தால் நினைவில் வையுங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது நாட்டுப் படகு மீன்தான், விலையும் கூடுதல்.

காரை மணலுக்குள் இறக்காதீர்கள், கெட்டித் தரையிலேயே நிறுத்துங்கள். புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிப்பதுதான் எல்லோரும் செய்வது, சக்கரம் சுழன்று இன்னும் குழி பறிக்கும். ஆட்களை இறக்கி, புதைந்த சக்கரங்களில் காற்றை 18–20 பி.எஸ்.ஐ. வரை விட்டு, முன்னால் மணலைச் சரித்து, தென்னை மட்டையோ காரின் மிதியடியோ கொடுத்து, இரண்டாம் கியரில் மெல்ல எடுங்கள். பிறகு வேகம் கூட்டாமல் அருகிலுள்ள பங்க்கில் காற்றடிக்க வேண்டும்.

கரையில் பவளத் துண்டு, கடல் அட்டை, கடல் குதிரை எது ஒதுங்கிக் கிடந்தாலும் எடுத்து வராதீர்கள். காய்ந்ததாக இருந்தாலும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். 'குழந்தை ஆசைப்பட்டது' என்ற பதில் வனத்துறையிடம் எடுபடாது.