கறுப்பின குவார்ட்டர்பேக்குகளைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதல் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் குவார்ட்டர்பேக் கையில்தான் தொடங்குகிறது. எதிரணி எப்படி வியூகம் அமைத்து நிற்கிறது என்று பார்த்து, யாருக்குப் பந்தை எறிவது என்று இரண்டு மூன்று நொடிக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். மூளைக்கு வேலை அதிகம் உள்ள இடம் என்று பெயர் வாங்கிவிட்டதால், பல பத்தாண்டுகள் கறுப்பின வீரர்களை அந்த இடத்தில் நிற்கவே விடவில்லை. அந்நாட்டின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆட்டங்களைப் பின்தொடரும் தமிழ் ரசிகர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். இந்த விஷயம் பேச்சில் வரும்போது சில தவறுகள் நம்மிடமும் ஒட்டிக்கொள்கின்றன.

வசைச்சொல் இருந்தால்தான் இனப்பாகுபாடு என்று நினைப்பது முதல் தவறு. ஊடகத்தில் அது பெரும்பாலும் பாராட்டாகவே வருகிறது. ஒருவரை "பிறவியிலேயே உடல்திறன் வாய்த்தவர்" என்றும் இன்னொருவரை "ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர்" என்றும் வர்ணிப்பார்கள். முதல் பாராட்டு யாருக்குப் போகிறது, இரண்டாவது யாருக்குப் போகிறது என்று சில வாரங்கள் கவனித்துப் பாருங்கள்.

2019 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் லாமர் ஜாக்சன் பந்தை ஓட்டக்காரரின் வயிற்றோடு ஒட்டி வைத்துக் கொடுப்பதுபோல் காட்டுவார். எதிரணியின் ஓரத் தடுப்பாளர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று கடைசி நொடிவரை பார்த்துவிட்டு, பந்தை உருவிக்கொண்டு தானே ஓடுவார். சான் பிரான்சிஸ்கோ 49ர்ஸ் அணியின் வானொலி வர்ணனையாளர் டிம் ரயன் இதற்குச் சொன்ன விளக்கம்: ஜாக்சனின் தோல் கறுப்பு, பந்தும் கருமை, அதனால் பந்து கண்ணில் படுவதில்லை. திட்ட வேண்டும் என்ற நோக்கம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஆயிரம் தடவை பழகிய கைவேலையும் தடுப்பாளரை எடைபோடும் கணக்கும் அந்த விளக்கத்தில் காணாமல் போய்விட்டன. 49ர்ஸ் அணி ரயனை ஓர் ஆட்டத்துக்கு இடைநீக்கம் செய்தது.

"வேறு இடத்தில் ஆடிப் பார்க்கலாமே" என்ற பேச்சை நல்லெண்ண யோசனையாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. எனக்கு இதுதான் மிகவும் வலிக்கிறது, ஏனென்றால் இதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1968இல் டென்வர் பிராங்கோஸ் அணியில் மார்லின் பிரிஸ்கோ என்ற கறுப்பின குவார்ட்டர்பேக் முதலாண்டு வீரராக 14 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி பெறுவது) எறிந்தார். அடுத்த பருவத்தில் அங்கே அவருக்கு வாய்ப்பில்லை. பஃபலோவுக்குப் போய் பந்தைப் பிடிக்கும் வைடு ரிசீவராக மாறித்தான் தொழிலைத் தொடர்ந்தார். இன்னொரு கறுப்பின குவார்ட்டர்பேக் வாரன் மூன், 1978 ஜனவரியில் ரோஸ் பவுல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரர். ஆனால் கல்லூரி வீரர்களை என்.எஃப்.எல். அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அந்த ஆண்டு ஒரு அணிகூட அவரை எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணியோடு தொடர்ந்து ஐந்து கோப்பை வென்ற பிறகுதான், 1984இல், ஹூஸ்டன் அணி அழைத்தது. 2006இல் அவர் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்.

நாற்பது வருடம் கழித்து, 2018இல், கல்லூரிக் கால்பந்தின் உயர்ந்த விருதான ஹைஸ்மன் வாங்கிய ஜாக்சனைப் பார்த்து, அணி நிர்வாகத்தில் பெரும்பெயர் பெற்ற பில் போலியன் தொலைக்காட்சியில் சொன்னதும் அதே யோசனைதான்: ரிசீவராக மாறட்டும். அதே டிராஃப்டில் ஜாஷ் ஆலன் என்ற வெள்ளையின வீரரும் இருந்தார். கல்லூரியில் அவர் எறிந்த பந்துகளில் சுமார் 56 சதவீதம்தான் சேர வேண்டிய கையில் சேர்ந்தன, ஜாக்சனுக்கு 57. ஆலனின் குறை பயிற்சியில் சரியாகிவிடும் என்றார்கள், அவர் 7ஆவதாகத் தேர்வானார். ஜாக்சனின் குறைக்கு இடத்தையே மாற்றச் சொன்னார்கள், அவர் 32ஆவது. ஆலனின் உயரமும் தோள் வலுவும் உண்மை, அவர் பிறகு மிகச் சிறப்பாக ஆடியதும் உண்மை. ஒரே குறைக்கு இரண்டு மருந்து ஏன் என்பதுதான் கேள்வி. 2019 பருவத்தில் ஒரு வாக்குகூடச் சிதறாமல் ஜாக்சன் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். தான் சொன்னது தவறு என்று போலியனும் ஒப்புக்கொண்டார்.

பெயர் சொல்லாதவர்கள் கசியவிடும் தகவலை அப்படியே பகிராதீர்கள். 2023 டிராஃப்டுக்கு முன் கறுப்பின குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரௌட் எழுதிய அறிவுத்திறன் தேர்வின் மதிப்பெண் என்று ஒன்று வெளியே வந்தது. அவருக்குப் புரிதல் போதாது என்று நாள்கணக்கில் பேசினார்கள். அந்தப் பருவத்தில் அவர் 23 டச்டவுன் எறிந்தார், பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தது 5 எறிதல்களில் மட்டுமே. முடிவெடுக்கத் தெரியாதவருக்கு அந்தக் கணக்கு வராது.

எல்லா விமர்சனத்தையும் இனவெறி என்று முத்திரை குத்துவதும் தவறுதான். 2003 பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களில் பிலடெல்பியாவின் கறுப்பின குவார்ட்டர்பேக் டானவன் மெக்னாப் மோசமாகவே ஆடினார். அதைச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா, ஈ.எஸ்.பி.என். விளையாட்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அந்த ஆட்டங்களோடு நிற்கவில்லை. கறுப்பின குவார்ட்டர்பேக் ஒருவர் ஜெயிக்க வேண்டும் என்று ஊடகங்கள் ஆசைப்படுவதால்தான் மெக்னாபுக்கு இவ்வளவு பெயர் என்றார். சில நாட்களில் லிம்பா அந்த நிகழ்ச்சியிலிருந்து விலக வேண்டியதாயிற்று.

கடைசியாக, "இதெல்லாம் பழங்கதை" என்ற பேச்சு. 1988இல் கறுப்பின குவார்ட்டர்பேக் டக் வில்லியம்ஸ், என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்றபோதே இதைச் சொன்னார்கள். 2023 பிப்ரவரியில் பேட்ரிக் மஹோம்ஸ், ஜேலன் ஹர்ட்ஸ் என்று இரு பக்கமும் கறுப்பின குவார்ட்டர்பேக்குகள் சூப்பர் பவுலில் இறங்கியபோது மறுபடி சொன்னார்கள். ஆனால் மூளைக்காயத்துக்கான இழப்பீட்டைக் கணக்கிடும்போது, கறுப்பின முன்னாள் வீரர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலிருந்தே குறைவு என்று வைத்துக்கொண்ட முறையைக் கைவிடுவதாக என்.எஃப்.எல். அறிவித்தது 2021இல்தான். அதற்கு அடுத்த ஆண்டு, முதல் திட்டம் பலிக்காவிட்டால் மஹோம்ஸ் ஆடுவது திட்டமில்லாத தெருவாட்டம் என்று பெயர் சொல்லாத பயிற்சியாளர் ஒருவர் செய்தியாளரிடம் சொன்னார். கறுப்பின குவார்ட்டர்பேக்குகள் தங்களை நிரூபிக்க எப்போதும் போராட வேண்டியிருக்கிறது என்று மஹோம்ஸ் வெளிப்படையாகப் பதில் சொன்னார். அப்போது அவர் கையில் ஒரு சூப்பர் பவுல் கோப்பையும் பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருதும் இருந்தன.