புது கேமுக்கு வெயிட் பண்ற கேப்ல பழைய கேம் ஆடப்போறீங்களா? நாங்க பண்ண தப்பை நீங்களும் பண்ணாதீங்க

எங்க கேமிங் வாட்ஸ்அப் குரூப்புக்கு முதல்ல "2025ல சந்திப்போம்"னு பேரு, அப்புறம் "மே 26"னு ஆச்சு, இப்போ "நவம்பர் 19". கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ கேமோட அடுத்த பாகம் ஜிடிஏ 6க்கு வெயிட் பண்றவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. 2023 டிசம்பர்ல முதல் ட்ரெய்லர் வந்தப்போ 2025னு போட்டாங்க, அப்புறம் 2026 மே 26னு சொன்னாங்க, அப்புறம் 2025 நவம்பர்ல திரும்ப வந்து 2026 நவம்பர் 19னு தள்ளிட்டாங்க, ஒவ்வொரு தடவையும் குரூப்ல ஒருநாள் ஒப்பாரி மறுநாள் பேர் மாத்தல். இதுல கொடுமை என்னன்னா அஞ்சு பேர் இருக்கிற குரூப்ல இத்தனை நாள்ல ஒண்ணா உட்கார்ந்து ஒரு கேம் கூட ஆடல, வரப்போற கேமைப் பத்திப் பேசியே பொழுது போயிடுச்சு. கடைசியில ஒருத்தன் "டேய் அதுவரைக்கும் காசு செலவில்லாம ஏதாவது பழசை ஆடலாம்டா"ன்னு ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்ங்கிற ஆன்லைன் கேமோட லிங்க்கைப் போட்டான். அதுல நாங்க அடிச்ச கூத்தும் அதுக்கு முன்னாடி புது கேம்களை நம்பி ஏமாந்த கதையும் சேர்ந்து ஒரு லிஸ்ட் தேறும், அதைத்தான் எழுதறேன்.

முதல்ல இந்த வெயிட்டிங். தேதியை நம்பி காசை இறக்கிறது பெரிய தப்பு. எங்க ஆள் ஒருத்தன் ஜிடிஏ 6 ஆடணும்னே பிசிக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கி வச்சிருக்கான், ஆனா அறிவிச்சிருக்கிறது பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் கன்சோல்களுக்கு மட்டும்தான். ஜிடிஏ 5 கூட 2013 செப்டம்பர்ல கன்சோல்ல வந்துட்டு பிசிக்கு 2015 ஏப்ரல்லதான் வந்துச்சுன்னு சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறான். கார்டு, கன்சோல் எல்லாம் வருஷம் போனா பழசாகும், கேம் கடைக்கு வந்த அப்புறம் வாங்கினா என்ன குறைஞ்சு போயிடுது?

அடுத்து ட்ரெய்லர். தி டே பிஃபோர்னு ஒரு கேம், ஞாபகம் இருக்கா? ஜாம்பி வந்து அழிஞ்ச ஊர்ல எல்லாரும் சேர்ந்து ஆடுற பெரிய எம்எம்ஓன்னு 2021ல காட்டினாங்க, ஸ்டீம்ங்கிற பிசி கேம் கடையில, வாங்கணும்னு குறிச்சு வைக்கிற விஷ்லிஸ்ட்ல முதல் இடம் வரைக்கும் போச்சு, நானும் போட்டு வச்சிருந்தேன். 2023 டிசம்பர் 7ல வந்துச்சு. உள்ள போய்ப் பார்த்தா சொன்ன எம்எம்ஓவே அங்க இல்ல, சும்மா போய் பொருள் பொறுக்கிட்டு திரும்பி வர்ற ஒரு ஷூட்டர். நாலே நாள்ல அந்த ஸ்டுடியோ மூடுறோம்னு அறிவிச்சுது, 2024 ஜனவரி 22ல சர்வரையும் நிறுத்தியாச்சு. அதனால விஷ்லிஸ்ட் நம்பரைப் பார்த்து மயங்காதீங்க, என்னை மாதிரி வேலை இல்லாதவன் ஒரு பட்டனைத் தட்டினா அந்த நம்பர் ஏறும், அவ்வளவுதான் அதுக்கு மதிப்பு. ட்ரெய்லர் பார்க்கிறப்போ ஒண்ணு மட்டும் கவனிங்க, ஒரு ஆள் நிஜமா கன்ட்ரோலரைப் பிடிச்சு பத்து நிமிஷம் வெட்டாம ஆடிக்காட்டினாங்களா? காட்டலைன்னா அது இன்னும் விளம்பரம்தான்.

பெரிய கம்பெனி கேம்னா இப்படி ஆகாதுன்னு நினைக்கிறவங்களுக்கு, சோனியோட கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23ல ரிலீஸ், செப்டம்பர் 6ல ஆஃப்லைன். பதினாலு நாள்! வாங்கினவங்களுக்கு முழு காசையும் திருப்பிக் கொடுத்தாங்க, அந்த வரைக்கும் நல்லது.

ரிலீஸ் அன்னிக்கே உள்ள புகுந்துடணும்ங்கிற வெறி இருக்கே, அதுல ரெண்டு கண்ணி இருக்கு. ஸ்டீம்ல ஒரு கேமை வாங்கி பதினாலு நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கும் கம்மியா ஆடியிருந்தா ரீஃபண்ட் கேட்டு வாங்கலாம், சரிதானே. ஆனா ஸ்டீமைப் பொறுத்தவரை கேம் விண்டோ திறந்திருந்தாலே ஆடுறதாத்தான் கணக்கு. 2021 செப்டம்பர் 28ல அமேசானோட நியூ வேர்ல்ட் வந்தப்போ ஸ்டீம்ல ஒரே நேரத்துல ஒன்பது லட்சம் பேருக்கு மேல ஏறிட்டாங்க, ஒவ்வொரு சர்வர் வாசல்லயும் ஆயிரக்கணக்குல க்யூ, அந்த க்யூவுல சும்மா நின்ன நேரமும் ஆடின நேரத்துலதான் சேரும். ரேஷன் கடையில நிக்கிற மாதிரி நின்னு, உள்ள போய் கேரக்டருக்குத் தலைமுடி கலர் மாத்தறதுக்குள்ள ரீஃபண்ட் நேரம் காலி. ரெண்டாவது கண்ணி, எந்த சர்வர்ல கூட்டம் கம்மியோ அதுல நுழைஞ்சிடறது. நண்பன் ஒரு சர்வர், நீங்க ஒரு சர்வர்னு மாட்டிக்கிட்டா ஒரே கேமை வாங்கிட்டு ஆளுக்கொரு உலகத்துல தனியா சுத்தணும். முன்னாடியே எந்த ரீஜன், எந்த சர்வர்னு பேசி வச்சுக்கோங்க. அந்த நியூ வேர்ல்டுக்கே 2025 அக்டோபர்ல இனிமே புது கன்டென்ட் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க, அது வேற விஷயம்.

ஜிடிஏ 5ஓட கூட்டா ஆடுற பகுதி ஜிடிஏ ஆன்லைன் கூட 2013 அக்டோபர் 1ல திறந்தப்போ உள்ளேயே நுழைய முடியாம, நுழைஞ்சவங்களுக்கு கேரக்டர் காணாம போய் ஒரே ரகளை, அப்புறம் கேமைப் பண்ண ராக்ஸ்டார் கம்பெனியே அந்த மாசம் ஆடினவங்களுக்கு கேம் காசுல அஞ்சு லட்சம் டாலர் கொடுத்து சமாதானம் பண்ணாங்க. அதனால இந்தத் தடவை முதல் வாரத்துக்கு ஆபீஸ்ல லீவ் கேட்டு வைக்கிறவங்க, கொஞ்சம் தள்ளியே கேளுங்க.

சரி பழசுக்கு வருவோம்.

பார்த்த உடனே "அய்யே இது என்னடா கட்டம் கட்டமா இருக்கு, செத்த கேம்டா இது"ன்னு மூடிடறதுதான் அதிகம் பேர் பண்ற தப்பு, நானும் முதல் நாள் அதையேதான் சொன்னேன். ரூன்ஸ்கேப் 2001ல வந்தது. போகப் போக நிறைய மாத்திட்டாங்க, பழசுதான் வேணும்னு ஆடுறவங்க கேட்டுக்கேட்டு, 2007 ஆகஸ்ட்ல எடுத்து வச்சிருந்த ஒரு பேக்கப்பைத் தூசி தட்டி 2013 பிப்ரவரியில தனியா ஒரு கேமா விட்டாங்க, அதுதான் இந்த ஓல்ட் ஸ்கூல். புதுசா பெருசா எது சேர்க்கணும்னாலும் ஆடுறவங்க ஓட்டுப் போட்டு ஜெயிச்சாத்தான் சேர்ப்பாங்க. உயிரோட இருக்கான்னு பார்க்க லாகின் பக்கத்துலயே வேர்ல்ட் லிஸ்ட் இருக்கு (இங்க சர்வருக்கு வேர்ல்டுனு பேரு), ஒவ்வொரு வேர்ல்டுலயும் எத்தனை பேர்னு நம்பர் ஓடிட்டே இருக்கும், ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு தடவை பாருங்க. ஃப்ரீ வேர்ல்டுகள்ல பெரும்பாலும் எதுல வேணா அதே கேரக்டரோட நுழையலாம், அதனால மேல சொன்ன சர்வர் சண்டையே இங்க இல்ல.

பிங் (நெட்ல சிக்னல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகுற நேரம்) அதிகமா இருக்குன்னு பயந்து விடறதும் தேவையில்லாதது. இந்த கேம் 0.6 செகண்டுக்கு ஒரு தடவைதான் எல்லாக் கணக்கையும் போடும், அதை டிக்னு சொல்வாங்க. நீங்க க்ளிக் பண்றது அடுத்த டிக்குலதான் நடக்கும், அதனால 200 பிங்ல வேலரண்ட் மாதிரி வேகமா சுடுற கேம் ஆடினா சுவத்துல முட்டிக்கணும், இங்க மாடு அடிக்க அது தாராளம். பழைய லேப்டாப்லயும் ஓடும், போன்லயும் அதே அக்கவுண்ட்.

அடுத்தது எங்க நாலு பேரும் பண்ணது. டுடோரியலை "ஸ்கிப், ஸ்கிப், ஸ்கிப்"னு படிக்காம தட்டிட்டு லம்பிரிட்ஜ்ங்கிற ஊர்ல போய் நின்னோம். அங்க கோட்டைச் சமையல்காரர் ஒருத்தர், பிரபுவோட பிறந்தநாள் கேக்குக்கு முட்டை, பால், மாவு கொண்டு வான்னு கேட்பார், கேமோட ரொம்ப ஈஸியான குவெஸ்ட் அது. முட்டை கோழிப்பண்ணையில கிடைச்சுது, பாலும் கறந்தாச்சு. மாவுக்கு வயல்ல கோதுமை பிடுங்கிட்டு காத்தாடி மில்லுக்குப் போனேன், மாடி மேல ஏறி தானியம் கொட்டற ஹாப்பர்ல போட்டேன், கீழ வந்து தொட்டியைப் பார்த்தா காலி. திரும்ப வயல், திரும்ப மாடி, திரும்ப காலி. அப்படியே இருபது நிமிஷம். ஹாப்பர்ல போட்டதுக்கு அப்புறம் பக்கத்துல இருக்கிற லீவரை இழுக்கணுமாம், இழுத்துட்டு கையில காலிப் பானையோட கீழ வரணுமாம். அந்த கேம் எங்க போகணும்னு மஞ்சள் கோடு போட்டுக் காட்டாது, பேசறதைப் படிச்சாத்தான் தெரியும். ஆனா ஒண்ணு, மூணாவது தடவை அந்த மாவு வந்து விழுந்தப்போ வந்த சந்தோஷம் இருக்கே, எந்த பேட்டில் பாஸ்லயும் எனக்கு வந்ததில்ல.

இதுக்கு நேர் எதிர்த் தப்பு ஒண்ணு இருக்கு, யூடியூப்ல "வேகமா லெவல் ஏத்துறது எப்படி"ன்னு பார்த்துட்டு எக்செல் ஷீட்டோட உட்கார்றது. குரூப்ல ஒருத்தன் அப்படித்தான் ஆரம்பிச்சான், ஒரு ஸ்கில்ல கடைசி லெவல் 99 எடுக்க 1,30,34,431 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேணும், அதுல பாதி எந்த லெவல்ல வரும்னு நினைக்கிறீங்க? 92ல! 92ங்கிறது பாதி வழிதான்னு தெரிஞ்ச அன்னிக்கு அவன் லாக் அவுட் பண்ணவன் திரும்ப வரல. ஆடிப் பார்க்க வந்த கேமை வேலையா மாத்திக்கிட்டா அப்படித்தான் ஆகும். காசு கட்டாம ஆடுற பகுதியிலயே பதினஞ்சு ஸ்கில் இருக்கு, எது கைக்குப் பிடிக்குதோ அதைப் பிடிங்க. முதல் நாளே ஒரு வருஷ மெம்பர்ஷிப் கட்டறதும் வேண்டாம், ஃப்ரீயா ரெண்டு வாரம் ஆடிட்டு அப்பவும் மாலையில கை தானா மவுஸைத் தேடினா ஒரு மாசத்துக்குப் பாருங்க, ஆட்டோபே எப்போன்னு பார்த்து வச்சுக்கிட்டு.

இப்போ ஏமாந்த கதை. கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்னு ஒரு பெரிய சந்தை, வேர்ல்ட் 301ல எப்பவும் திருவிழாக் கூட்டம். ஒருத்தன் கத்திட்டே இருந்தான், காசு கொடுத்தா ரெட்டிப்பாத் தர்றேன்னு. சிரிச்சுட்டே 1,000 கொடுத்தேன், 2,000 வந்துச்சு. 10,000 கொடுத்தேன், 20,000 வந்துச்சு. அப்போ மாடு அடிச்சு தோல் வித்து சேர்த்தது 1,40,000 இருந்துச்சு, மொத்தத்தையும் ட்ரேட் விண்டோல வச்சேன், அக்செப்ட் பண்ணேன், ஆள் மறைஞ்சுட்டான். ஊர்ல சீட்டு கம்பெனிக்காரன் ஓடினப்போ "எப்படித்தான் ஏமாறுறாங்களோ"ன்னு பேசின வாய் இது. ரெண்டு தடவை திருப்பிக் கொடுத்ததே மூணாவது தடவைக்கான தூண்டில்தான். உங்க கவசத்துக்கு அலங்கார ஓரம் வச்சுத் தர்றேன்னு வாங்கிட்டுப் போறவனும் இதே ஜாதகம்தான், அப்படி ஓரம் வைக்கிற வேலையே கேம்ல கிடையாது. "வா, நல்ல இடம் காட்டறேன்"னு வடக்கே கூட்டிட்டுப் போறவன் பின்னாடி போனா ஒரு பள்ளம் வரும், தாண்டறப்போ எச்சரிக்கை பாப்அப் வரும், அதைத் தாண்டினா வைல்டர்னஸ், அங்க மத்த ஆளுங்க உங்களைக் கொல்லலாம், கையில இருக்கிறதுல விலை ஒசந்த மூணு பொருள்தான் மிஞ்சும். மத்த இடத்துல செத்தா ஒரு கல்லறை நிக்கும், பதினஞ்சு நிமிஷத்துல ஓடிப்போய் எடுத்துக்கலாம், அதைத் தெரியாம எல்லாம் போச்சுன்னு அழுதுட்டு உட்கார்ந்த ஆளும் எங்க குரூப்லயே இருக்கான்.

போன காசை ஈடுகட்ட வெளி சைட்ல நிஜப் பணம் கொடுத்து கேம் காசு வாங்கலாம்னு தோணும், வேண்டவே வேண்டாம், அது விதிப்படி தப்பு, அக்கவுண்டே போயிடும். கேமை விட்டுப் போறேன் எல்லாத்தையும் வாரி வழங்கறேன்னு ஓடுற போலி லைவ் ஸ்ட்ரீம்ல வர்ற லிங்க்கும் பாஸ்வேர்ட் திருடறதுக்குத்தான். ஆத்தென்டிகேட்டரை (பாஸ்வேர்டுக்கு மேல போன்ல வர்ற கோடையும் கேட்கிற பூட்டு) முதல் நாளே போட்டுடுங்க.

எந்தப் பழைய ஆன்லைன் கேமா இருந்தாலும் வாங்கறதுக்கு முன்னாடி சர்வர் ஓடுதான்னு பார்த்துக்கோங்க. தி க்ரூ கேமோட சர்வர் 2024 மார்ச் 31ல நின்னுச்சு, ஆன்தம் 2026 ஜனவரி 12ல, ரெண்டும் சர்வர் இல்லாம தனியா ஆடக்கூட முடியாதது. பழைய டிஸ்க் 300 ரூபாய்க்கு வருதேன்னு வாங்கினா டீ கிளாசுக்கு அடியில வைக்கத்தான் ஆகும்.

கடைசியா ஒண்ணு, சின்ன விஷயம்தான். லாப்ஸ்டர் பிடிக்க கரம்ஜா தீவுக்கு போர்ட் சரிம்ல இருந்து கப்பல் ஏறணும், டிக்கெட் 30 காசு. போறதுக்கு மட்டும் வச்சுட்டுப் போயிடாதீங்க, திரும்பி வரவும் 30 வேணும். கிராபிக்ஸ் கார்டு வாங்கினானே அவன் நேத்து அப்படித்தான் தீவுல மாட்டிக்கிட்டான், அங்க தோட்டக்காரர் கிட்ட பத்து வாழைப்பழம் பறிச்சுப் பெட்டியில அடுக்கினா 30 காசு கொடுப்பார்னு போன்ல சொன்னேன். நடுராத்திரி ஒன்றரை மணிக்கு "மச்சான் ஏழு பழம் ஆயிடுச்சுடா, லைன்லயே இரு"ங்கிறான்.