யுகடான் ஹசியெண்டாவில் தங்கப் போகிறவர்களுக்கு

மெக்சிகோவின் யுகடான் மாநிலத்தில், மெரிடா நகரைச் சுற்றியுள்ள பழைய ஹசியெண்டாக்கள் (தோட்டப் பண்ணை மாளிகைகள்) பல இன்று ஸ்பா வசதியுள்ள ஹோட்டல்களாகிவிட்டன. "கடற்கரைக்கு அருகில்" என்ற விளம்பர வரியை நம்பி முன்பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது தூரத்தில்தான். இவை கடலைப் பார்த்துக் கட்டிய வீடுகள் அல்ல. எனெகென் என்ற நார்க் கற்றாழை விளைந்தது உள்நாட்டின் கற்பாங்கான சுண்ணாம்பு நிலத்தில். அந்த வயல்களின் நடுவில்தான் முதலாளியின் வீடும் நாரெடுக்கும் ஆலையும் எழுந்தன. நார்ப் பொதிகள் மட்டும் சிசல் துறைமுகத்துக்கும், பிறகு புரோகிரெசோவுக்கும் போயின. ஆகவே கடல் என்பது இங்கே காலையில் போய் மதியத்துக்குள் திரும்பும் ஒரு பயணம். அறை வாசலில் அலைச் சத்தம் வேண்டும் என்பவர்கள் ஹசியெண்டாவை எடுக்கவே வேண்டாம்.

எதை எடுப்பது என்று முடிவு செய்ய, எந்தக் கடற்கரைக்குப் போகப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். மெரிடாவிலிருந்து புரோகிரெசோ வடக்கே சுமார் 35 கி.மீ.; நல்ல நான்குவழிச் சாலை. அந்தச் சாலையை ஒட்டி நகருக்கு வடக்கே இருக்கும் இஷ்கனதூன் போன்ற இடங்களிலிருந்து கடல் மிக எளிது, ஆனால் நகரத்தின் நெரிசலும் கூடவே வரும். கடலோர ஊரான செலஸ்தூனின் பூநாரைகளைப் பார்க்க வேண்டுமென்றால் மேற்கே 90 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். அதற்கு மெரிடாவுக்கு மேற்கிலோ தென்மேற்கிலோ உள்ள ஹசியெண்டா தோதானது. தெற்கே தங்கினால் பழைய மாயா நகரமான உஷ்மால் பக்கம், கடல் தொலைவு. மூன்றையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம் என்று திட்டமிட்டால் பாதி விடுமுறை காரிலேயே கழியும்.

எப்போது போவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான காலம். ஆனால் அப்போதுதான் 'நோர்த்தே' எனப்படும் வடகாற்று வீசும். ஓரிரு நாள் கடல் கொந்தளித்து, துறைமுகத்தை மூடி, செலஸ்தூன் படகுகளையும் நிறுத்திவிடுவார்கள். பூநாரைகள் அதிகம் இருக்கும் மாதங்களும் இவையே. அதனால் படகுப் பயணத்தைத் தங்கும் நாட்களில் முதல் நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காற்று கெடுத்தால் மறுநாள் கையில் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். விதைப்புக்கு முன் காட்டு நிலங்களை எரிக்கும் புகையும் சேர்ந்துகொள்ளும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த இரு மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம், மாலை மழை. அறை விலை குறையும், ஆனால் பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவாகவே எடுங்கள். ஜூலை பிற்பாதியிலும் ஆகஸ்டிலும், புனித வாரத்திலும் மெரிடாவே கடற்கரைக்குக் குடிபெயர்ந்துவிடும். புரோகிரெசோவில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. உள்நாட்டு ஹசியெண்டாவுக்கு அந்தத் தொல்லை குறைவு.

போய்ச் சேருவது

இங்கே தவறுவது பெரும்பாலும் பெயரில். சான் அந்தோனியோ, சான் ஹோசே, சாந்தா ரோசா என்ற பெயர்களில் ஹசியெண்டாக்களும் சிற்றூர்களும் மாநிலம் முழுக்க உண்டு. வரைபடச் செயலியில் பெயரைத் தட்டினால் எண்பது கி.மீ. தள்ளி ஓர் இடிந்த புகைபோக்கியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். ஹோட்டலிடம் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கேட்டு வாங்கி, சிக்னல் போனாலும் தெரியும்படி வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பொழுது சாய்வதற்குள் போய்ச் சேருங்கள். கிராமத்து நுழைவுகளில் உள்ள 'தோப்பே' எனும் வேகத்தடைகள் உயரமானவை. பலவற்றுக்கு வண்ணமும் இல்லை, விளக்கும் இல்லை. இருட்டில் சைக்கிள்களும் நாய்களும் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். வாடகை காரை எடுக்கும்போது மூன்றாம் நபர் காப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கிரெடிட் கார்டின் இலவசக் காப்பீடு பொதுவாக அதை உள்ளடக்காது. பெட்ரோல் பங்கில் ஊழியர்தான் நிரப்புவார். மீட்டர் பூஜ்யத்தில் இருப்பதைப் பார்த்த பிறகு நிரப்பச் சொல்லுங்கள்.

கான்கூனில் இறங்கி வருபவர்களுக்குச் சாலை ஏறத்தாழ 300 கி.மீ., நான்கு மணி நேரம். சுங்கச் சாலையில் பெட்ரோல் பங்குகள் மிகக் குறைவு. கிளம்பும்போதே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். சில்லறைப் பெசோவும் தயாராக இருக்கட்டும்.

அறையைப் பழக்குவது

இந்த வீடுகள் ஏசி வருவதற்கு முன் வெயிலைச் சமாளிக்கக் கட்டப்பட்டவை. கனத்த கல்சுவர், ஐந்தாறு மீட்டர் உயரக் கூரை, எதிரெதிர் கதவுகள், வெயில் படாத தாழ்வாரம். சில கூரைகளில் மரத்துக்குப் பதிலாக, வயலில் கற்றாழை வண்டிகள் ஓடிய சிறு தண்டவாளங்களே உத்திரமாகக் கிடக்கும். படுத்தபடி நிமிர்ந்து பாருங்கள். இந்தச் சுவர் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும். எனவே காலை ஒன்பது மணிக்குள் மரக்கதவுகளைச் சாத்திவிட வேண்டும். வெயில் இறங்கிய பிறகு எதிரெதிரே திறந்தால் காற்று ஊடாடும். பகலெல்லாம் கதவைத் திறந்து போட்டுவிட்டு இரவில் ஏசியை 18-இல் வைத்தால் இரண்டு கெடுதல்: அந்த உயரக் கூரையில் அறை குளிரவே குளிராது, ஈரக்காற்று தரை ஓட்டில் பட்டு நீராகப் படிந்து வழுக்கும். 24 அல்லது 25-இல் வைத்து மின்விசிறியையும் ஓடவிடுங்கள்.

சுவரின் அடியில் சுண்ணாம்பு உதிர்வதையும் லேசான ஈர வாசனையையும் பார்த்துச் சுத்தமில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பழைய சுண்ணாம்புச் சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுகிறது. பெட்டியைச் சுவரோரத் தரையில் வைக்காதீர்கள். தோல் செருப்பும் பையும் பூஞ்சை பிடிக்கும். வாசனை தொண்டையைக் கரகரக்க வைக்கும் அளவுக்கு இருந்தால் உடனே வேறு அறை கேளுங்கள். மேடான பகுதியிலுள்ள அறைகள் உலர்ந்திருக்கும். அந்தச் சுவர்களே வைஃபையையும் தடுக்கும். வேலை இருந்தால் தாழ்வாரத்தில் உட்காருவதே வழி.

மின்சாரம் 127 வோல்ட், அமெரிக்கத் தட்டை முள் செருகி. போன், லேப்டாப் சார்ஜர் வேலை செய்யும். 230 வோல்ட்டுக்கான கெட்டிலைச் செருகினால் தண்ணீர் கொதிக்க மிக நீண்ட நேரம் பிடிக்கும், அதனால் இந்தியாவிலிருந்து தூக்கிப் போக வேண்டாம். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். அது சுண்ணாம்புப் பாறையில் ஊறிய கடினநீர், சோப்பு நுரைக்கத் தயங்கும். பல் துலக்கவும் அறையில் வைக்கும் பாட்டில் நீரையே பயன்படுத்துங்கள். காலணியை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம். இரவில் 'டிக் டிக்' என்பது பல்லி.

அறைச் சுவர்களில் இரும்புக் கொக்கிகள் தெரிந்தால் அவை ஹேமக் எனும் வலைத் தூளி கட்டுவதற்கு. கேட்டால் ஊழியர் கொண்டுவந்து கட்டிக் கொடுப்பார்கள். நீளவாக்கில் படுத்தால் முதுகு வில்லாக வளையும், விடிந்ததும் இடுப்பு பிடிக்கும். நடுவில் உட்கார்ந்து, வலையை இரு கைகளாலும் நன்றாக விரித்து, குறுக்குவாட்டில் சாயுங்கள்: தலை ஒரு மூலையில், கால் எதிர் மூலையில். அப்போதுதான் முதுகு நேராகும். பட்டனும் கைக்கடிகாரமும் நூலில் மாட்டும், கழற்றிவிடுங்கள்.

ஸ்பா: வரிசைதான் முக்கியம்

சிறிய ஹசியெண்டாக்களில் மசாஜ் அறை ஒன்றோ இரண்டோதான். வந்த பிறகு கேட்டால் கிடைப்பது உச்சி வெயில் நேரம். முன்பதிவின்போதே சொல்லிவையுங்கள். பெண் சிகிச்சையாளர் வேண்டுமென்றால் அதையும் அப்போதே. மசாஜையும் உடல் தேய்ப்பையும் கடற்கரைப் பயணத்துக்கு முன்னால் வைக்கலாமா, பின்னால் வைக்கலாமா? மசாஜ் முன்னால். வெயிலில் சிவந்த தோளைத் தொடவே முடியாது, காசு வீண். உப்பு, சர்க்கரைத் தேய்ப்பு மட்டும் கடைசி நாளில் இருக்கட்டும். தேய்த்த தோலோடு கடலில் இறங்கினால் எரிந்து தள்ளிவிடும்.

தெமஸ்கால் என்பது சூடேற்றிய எரிமலைக் கற்களின் மேல் மூலிகை நீரை ஊற்றி ஆவி பிடிக்கும் குவிமாடம். வழக்கமாக நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் கதவு திறக்கும். இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்தே சாப்பிடாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், மது வேண்டவே வேண்டாம். சங்கிலி, வளையல், தோடு எல்லாம் கழற்றுங்கள். உலோகம் சூடேறித் தோலைச் சுடும். மூச்சு முட்டினால் தலையைத் தரைக்கருகே தாழ்த்துங்கள், கீழே காற்று குளிர்ச்சியாக இருக்கும். அதற்கும் அடங்கவில்லையென்றால் வெளியே வந்துவிடுங்கள். யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உள்ளே போகக் கூடாது.

செனோட்டே எனும் பாறைக் கிணறுகளில் நீந்தும் நாளில் சன்ஸ்கிரீனும் கொசுவிரட்டியும் பூசாதீர்கள். குளித்துவிட்டே இறங்க வேண்டும். அந்த நீர் பாறைக்கடியில் கிணறு கிணறாக ஊடாடிக் கடல் வரை போகிறது. வெயிலுக்கு முழுக்கைச் சட்டை போதும். மற்ற நாட்களில் பொழுது சாயும் நேரத்துக்குக் கொசுவிரட்டி கட்டாயம், டெங்கு உள்ள ஊர். செலஸ்தூன் அலையாத்திக் காட்டருகே கண்ணுக்குத் தெரியாத கடிப்பூச்சியும் உண்டு. படகில் பூநாரைகளை நெருங்கச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்தாதீர்கள். பறக்க வைத்தால் அவை மேய்ச்சலை விட்டு எழும். அந்தப் படம் அதற்கு ஈடாகாது.

சாப்பாடு, காசு

அக்கம்பக்கத்தில் வேறு உணவகம் இருக்காது. சைவர்கள் முட்டையும் பூசணி விதைச் சாறும் சேர்ந்த பாபட்சூலெஸ், சாயா கீரைப் பலகாரங்கள் ஆகியவற்றில் தொடங்கலாம். ஆனால் பீன்ஸ் மசியலிலும், தமால் எனும் சோளமாவுப் பலகாரத்திலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம்: "சின் மந்தேகா" (கொழுப்பு இல்லாமல்) என்று சொல்லிக் கேளுங்கள். சோபா தே லிமா பார்க்க எலுமிச்சை ரசம், அடியில் கோழிச் சாறு. அபனேரோ சட்னியை நம் மிளகாய்ப் பழக்கத்தை நம்பி அள்ளிவிடாதீர்கள், முதலில் சொட்டு.

அறை விலையில் 16 சதவீத வரியும் தங்கல் வரியும் சேர்ந்ததா என்று கேளுங்கள். கார்டு இயந்திரம் டாலரா பெசோவா என்றால் பெசோவைத் தேர்ந்தெடுங்கள். கிராமத்தில் ஏடிஎம் இருக்காது, நகரத்திலேயே எடுத்து வாருங்கள். உணவுக்கு 10 முதல் 15 சதவீதம் டிப்ஸ், ரசீதில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே இல்லாவிட்டால்.

அந்த வீட்டின் கதையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அழகான தாழ்வாரத்தை எழுப்பியது கடன் சுமையால் வயலோடு கட்டிவைக்கப்பட்ட மாயா குடும்பங்களின் உழைப்பு. அந்தக் கடனடிமை முறை 1910-களின் நடுவில்தான் சட்டப்படி ஒழிந்தது. 1937-இல் குடியரசுத் தலைவர் லசாரோ கார்தெனாஸ் எனெகென் வயல்களைப் பங்கிட்டுக் கொடுத்தார். பிறகு செயற்கை நார் வந்து தொழிலே சரிந்தது. தொழிலாளிகள் கூலிக்குப் பொருள் வாங்க நிர்ப்பந்திக்கப்பட்ட கடை எது என்று கேளுங்கள். சில இடங்களில் அதுதான் இன்றைய வரவேற்பறை. நாரெடுக்கும் இயந்திரம் ஓடுவதைப் பார்க்கச் சொதூத்தா தே பெயோனுக்குப் போகலாம். புதுப்பிக்காமல் விடப்பட்ட வீடு எப்படியிருக்கும் என்பதற்கு யாஷ்கொபொயில்.

திரும்பும் நாளில் கவனிக்க ஒன்று: கான்கூன் இருக்கும் கின்தானா ரோ மாநிலத்தின் கடிகாரம் யுகடானைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். மாலை நாலு மணி விமானம் என்றால் மெரிடா நேரப்படி அது மூன்று மணி. நான்கு மணி நேரச் சாலை, கார் திருப்பித் தருவது, விமான நிலைய வரிசை எல்லாம் கூட்டினால் காலை ஏழுக்கே ஹசியெண்டாவை விட்டுக் கிளம்ப வேண்டும். கணக்கை முந்தின இரவே தீர்த்து, காலைச் சாப்பாட்டைக் கட்டித் தரச் சொல்லிவிடுங்கள்.