டிலே பெடல்: அனலாக்கா, டிஜிட்டலா?
கும்பகோணம் பக்கத்துத் திருவிழாக் கச்சேரிகளில் கிடார் வாசிக்கிறேன். டிலே பெடல் என்பது வாசித்த ஒலியைக் கொஞ்சம் தாமதித்து எதிரொலியாகத் திருப்பித் தரும், காலால் இயக்கும் பெட்டி. அனலாக், டிஜிட்டல் என இரண்டு வகை உண்டு. வாங்கப் போனால் இப்படிச் சோதியுங்கள். இரண்டிலும் எதிரொலி வரும் நேரத்தை 300 மில்லிசெகண்டில் வைத்து, ஒரே ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டுச் சும்மா இருங்கள். நாலாவது எதிரொலியைக் கேளுங்கள். டிஜிட்டலில் பெரும்பாலும் பளிச்சென்றே இருக்கும். அனலாக்கில் மங்கிவிடும். கொள்ளிடக் கரை உடைந்தால் மணல் மூட்டையைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுப்போமே, அனலாக் பெடலின் சிப்புக்குள் சிக்னல் அப்படித்தான் நகர்கிறது; வழியில் கொஞ்சம் சிந்தும். எனக்கு அந்தச் சிந்தல்தான் பிடிக்கும்.

அப்புறம், நேரக் கணக்கு. 1981இல் வந்த பாஸ் நிறுவனத்தின் டிஎம்-2 ஓர் அனலாக் பெடல். 300 மில்லிசெகண்டுக்கு மேல் போகாது. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால், எதிரொலி அடுத்த தட்டில் விழ 500 மில்லிசெகண்டு வேண்டும். அங்கே டிஜிட்டல்தான் சரி.