கார்ப் பைத்தியம் பிடித்த பிள்ளையோடு டெட்ராய்ட் போகிறீர்களா?

எங்கள் கீழக்கரைப் பக்கம் அமெரிக்கா போகிறவர்கள் நியூயார்க், நயாகரா என்று சுற்றிவிட்டுத் திரும்புவார்கள். டெட்ராய்ட் பக்கம் போக அங்கே சொந்தக்காரர் யாராவது இருக்க வேண்டும். நாங்களும் தங்கச்சி வீடு அங்கே இருப்பதால்தான் போனோம். ஆனால் கார் என்றால் சோறு தண்ணீர் மறக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், சொந்தக்காரர் இல்லாவிட்டாலும் இந்த ஊருக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள், மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிற இங்கேதான் அமெரிக்கக் கார்த் தொழில் வளர்ந்தது. போனது ஐந்து பேர்: நான், மனைவி, ஒன்பது வயது மகன், ஐந்து வயது மகள், அப்புறம் வாப்பா. வாப்பா முப்பது வருஷம் ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு கார் இடம், அதற்கு மேல் வேண்டாம். நாங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற ஆசையில் ஒரே நாளில் இரண்டு பெரிய இடங்களைப் போட்டோம், மதியத்துக்கு மேல் மகள் தோளில் தூங்கிவிட்டாள், வாப்பாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது, மகன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தான், அவனுக்கும் சாயங்காலம் கேட்டால் எதைப் பார்த்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த நாளிலிருந்து மாற்றிக்கொண்டோம்.

பயணத்துக்கான வேலையை ஊரிலேயே தொடங்குங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் பிள்ளையை ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போய் கிளட்ச் எது, கியர்பாக்ஸ் எது, ரேடியேட்டர் எதற்கு என்று காட்டச் சொல்லுங்கள். பாம்பனிலோ மண்டபத்திலோ தெரிந்தவர் வள்ளம் இருந்தால் இன்னும் நல்லது, டீசல் எஞ்சினுக்கு ஹேண்டில் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்வதை அவன் கண்ணால் பார்க்கட்டும், ஹேண்டில் திருப்பி அடித்தால் கை என்ன ஆகும் என்பதையும் அந்த ஆளிடமே கேட்கட்டும். எதற்கு என்றால், டெட்ராய்ட்டில் பார்க்கப்போகிற மிகப் பழைய கார்கள் பெரும்பாலும் அப்படி ஹேண்டில் போட்டுச் சுற்றியவைதான். 1912இல் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் அந்தக் கஷ்டம் குறையத் தொடங்கியது. கடற்கரைப் பிள்ளைக்கு இது சொல்லாமலே புரியும்.

கூடவே ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். எந்தக் காரைப் பார்த்தாலும் எழுத நாலே கேள்வி: ஸ்டீரிங் எந்தப் பக்கம், எப்படி ஸ்டார்ட் செய்வார்கள், பெட்ரோல் டேங்க் எங்கே, இதை அந்தக் காலத்தில் யார் வாங்கியிருப்பார்கள். நூறு கார் இருக்கிற மண்டபத்தில் பிள்ளை ஓடிக்கொண்டே இருக்காமல் நின்று பார்க்க வைப்பது இந்த நோட்டுதான்.

போகும் காலம் ஆகஸ்டாக இருந்தால் நல்லது, காரணம் கடைசியில் வரும். கோடையில் டெட்ராய்ட் நேரம் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும், பிள்ளைகள் விடியக்காலை மூன்று மணிக்கு விளையாட எழுந்து உட்காருவார்கள், அதனால் முதல் நாள் டிக்கெட் எதுவும் எடுக்காதீர்கள். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் ஐ-94 சாலையோரம் 80 அடி உயர டயர் ஒன்று நிற்கும், அதைக் காட்டினால் முதல் நாளுக்குப் போதும். 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் அது ராட்டினமாகச் சுற்றியது, ஆட்கள் ஏறி உட்கார்ந்தார்கள், பிறகு இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். வண்டியிலிருந்தே பார்க்கலாம், எந்தப் பக்கம் வரும் என்று ஓட்டுபவரிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிஷத்தில் கடந்துவிடும்.

இரண்டாம் நாள் பிக்கெட் அவென்யூ ஆலை. இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரிய அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டால் இது சின்னதாகத் தெரியும். 1904இல் ஃபோர்டு கட்டிய மூன்று மாடிச் செங்கல் கட்டடம், தறி ஆலை மாதிரி நீளமாக இருக்கும். மூன்றாம் மாடியில் ஒரு மூலையை அடைத்து, வெளியாளை விடாமல், உள்ளே ஃபோர்டின் பேர்பெற்ற மாடல் டி காரை வடிவமைத்தார்கள். 1908இல் அந்தக் கார் வெளியே வந்தது, முதல் 12,000 கார்கள் இந்தக் கட்டடத்தில்தான் செய்யப்பட்டன. அதற்கு முன்னால் பி, சி, எஃப், கே, என், ஆர், எஸ் என்று எழுத்து எழுத்தாகக் கார் செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கே பிள்ளையிடம் நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். மாடல் என் காரில் ஸ்டீரிங் வலது பக்கம், நம் ஊர் மாதிரியே. மாடல் டியில் இடது பக்கம். என் மகன் இதைத் தானாகவே கண்டுபிடித்தான், அன்றைக்கு முழுக்க எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். வழிகாட்டிகளிடம் தயங்காமல் கேளுங்கள், அவர்களுக்குப் பேசப் பிடிக்கும். இந்த இடம் வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது, அதைப் பார்த்துவிட்டு மற்ற நாட்களைப் போடுங்கள்.

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது நாட்கள் டியர்போர்ன் ஊரில். ஃபோர்டு நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிற ஊர், டெட்ராய்ட்டை ஒட்டியே இருக்கிறது. ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம், அதன் பக்கத்தில் கிரீன்ஃபீல்டு வில்லேஜ், அருங்காட்சியகத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போகும் ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலை என்று மூன்று தனித்தனி டிக்கெட். சேர்த்து எடுத்தால் விலை குறையும், ஆனால் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

அருங்காட்சியகம் மட்டுமே ஒரே கூரையின் கீழ் ஏறக்குறைய 12 ஏக்கர். பெரியவர்கள் கூட வந்தால் வாசலிலேயே சக்கர நாற்காலி கேட்டு வாங்குங்கள், வாப்பா முதலில் வேண்டாம் என்று மறுத்தார், பிறகு அதில் உட்கார்ந்துதான் முழுசாகப் பார்த்தார். 1896இல் ஹென்றி ஃபோர்டு செய்த முதல் வண்டி அங்கே இருக்கிறது, நான்கு சைக்கிள் சக்கரத்தில் ஒரு பலகை. வரிசை எண் ஒன்று கொண்ட ஃபோர்டு மஸ்டாங் கார் இருக்கிறது. அது விற்பனைக்கு அனுப்பியதே அல்ல, கனடாவில் ஒரு விமானி தவறுதலாக வாங்கிக்கொண்டு போய்விட்டார், பிறகு பத்து லட்சத்து ஒன்றாவதாகச் செய்த மஸ்டாங்கை அவருக்குக் கொடுத்து இதைத் திரும்ப வாங்கினார்கள். கென்னடி சுடப்பட்ட லிங்கன் கார் இருக்கிறது, அதற்குப் பிறகும் குண்டு துளைக்காதபடி மாற்றி அடுத்த ஜனாதிபதிகளுக்கு ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளைக் கட்டாயம் ஏற்றி உட்கார வைக்க வேண்டியது ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் வந்த பஸ்ஸில். 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரி நகரில், வெள்ளைக்காரருக்கு எழுந்து இடம் விட மாட்டேன் என்று அந்த அம்மா உட்கார்ந்திருந்தது இந்தப் பஸ்ஸில்தான். பல வருஷம் ஒரு வயலில் தட்டுமுட்டுச் சாமான் போடுகிற கொட்டகையாகக் கிடந்ததை 2001இல் ஏலத்தில் எடுத்துப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். என் மகள் அந்த இருக்கையில் உட்கார்ந்து, ஏன் எழுந்திருக்கச் சொன்னார்கள் என்று கேட்டாள். அங்கேயே உட்கார்ந்து பதில் சொன்னோம்.

வெள்ளிக்கிழமையை டியர்போர்னில் வருவது போல வைத்துக்கொண்டோம், நம் ஆட்களுக்கு இது வசதி. ஃபோர்டு ஆலையில் வேலைக்கு என்று லெபனான், ஏமன் நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். பெரிய பள்ளிவாசல் இருக்கிறது, வாரன் அவென்யூவில் வரிசையாக ஹலால் சாப்பாட்டுக் கடைகளும் ரொட்டிக் கடைகளும். ஜும்ஆ முடித்து அங்கே சாப்பிட்டதுதான் வாப்பா அந்தப் பயணத்திலேயே வயிறார உண்டது.

கிரீன்ஃபீல்டு வில்லேஜ் திறந்தவெளி, குளிர்காலத்தில் வழக்கம்போல் திறந்திருக்காது. எடிசன் ஆய்வுக்கூடம், ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடை எல்லாவற்றையும் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், அதை நேரம் இருந்தால் பாருங்கள். நீங்கள் போவது மாடல் டி காரில் ஏறத்தான். அதற்குத் தனிக் கட்டணம், காலையில் உள்ளே போனதும் முதல் வேலையாக அங்கே போய்விடுங்கள், பிறகு வரிசை நீளும். காரில் மூன்று மிதி: இடது கியருக்கு, நடு மிதி ரிவர்ஸ், வலது பிரேக். ஆக்ஸிலரேட்டர் காலில் கிடையாது, ஸ்டீரிங் அடியில் ஒரு கம்பி. டேங்க் இருக்கைக்கு அடியில், பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று குச்சி விட்டு அளக்க வேண்டும். வாப்பா ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆளின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கியதும், இது தனுஷ்கோடி மணலில் போகும் என்றார். 2017இல் தார்ச்சாலை திறப்பதற்கு முன்னால் அந்த மணலிலும் தண்ணீரிலும் வேன் போனதைப் பார்த்தவர். அவர் சொன்னது சரிதான், அமெரிக்கக் கிராமத்துச் சேற்றுச் சாலைக்காகத்தான் அந்தக் காரை அவ்வளவு உயரமாகச் செய்தார்கள்.

ரூஜ் தொழிற்சாலை ஞாயிறு கிடையாது. எஃப்-150 பிக்கப் வண்டிகள் பொருத்தப்படுவதை மேலே ஒரு நடைபாதையிலிருந்து பார்க்கலாம், அந்தப் பகுதியில் படம் எடுக்க விட மாட்டார்கள். முக்கியமான விஷயம், ஆலை ஓடாத நாட்களிலும் சுற்றுலா நடக்கும், அன்றைக்குப் போனால் நின்றுபோன வண்டிகளைத்தான் பார்ப்பீர்கள், அதனால் உற்பத்தி நடக்கும் நாளா என்று விசாரித்து டிக்கெட் எடுங்கள். காரில் அவ்வளவு ஆசை இல்லாத ஆள் வீட்டில் இருந்தால் (எங்கள் வீட்டில் மனைவி) இதற்கு அடுத்த நாள் டெட்ராய்ட் கலைக்கூடம் போங்கள். இதே ரூஜ் ஆலையை மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1932-33இல் 27 ஓவியங்களாக நான்கு சுவரிலும் வரைந்திருக்கிறார். ஆலையைப் பார்த்துவிட்டுப் போனால்தான் சுவரில் இருக்கிற ஆட்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று பிள்ளை சொல்லும். கலைக்கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போகும், 1995இலிருந்து நடக்கிறது. பார்க்கக் காசு இல்லை. மடக்கு நாற்காலி, தண்ணீர், தொப்பி எடுத்துக்கொண்டு காலையிலேயே போய், வண்டியை நாலு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். போகிற வழியில் இதே சாலையில் ஃபோர்டின் பழைய ஹைலேண்ட் பார்க் ஆலை வரும், உள்ளே விட மாட்டார்கள், வெளியே நிறுத்திக் காட்டினால் போதும். 1913இல் இங்கேதான் கார் நகர்ந்து வர, ஆள் நின்ற இடத்தில் நின்று வேலை செய்யும் முறை தொடங்கியது, பன்னிரண்டரை மணி நேரம் ஆன வேலை 93 நிமிஷத்துக்கு வந்தது. 1914 ஜனவரியில் நாள் கூலி ஐந்து டாலர் என்று அறிவித்தார்கள். அடுத்த மாதம்தான் நம் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. தீவுக்குள் சாலை வழியாகக் கார் போக 1988 வரை காத்திருந்தோம் என்று வாப்பா பேரனுக்குச் சொன்னார்.

வண்டி ஓட்டுபவருக்குச் சில விஷயம். எட்டு வயதுக்குள் இருக்கும், 4 அடி 9 அங்குலம் எட்டாத பிள்ளைக்கு மிச்சிகனில் தனி இருக்கை கட்டாயம். மஞ்சள் பள்ளிப் பஸ் சிவப்பு விளக்கு போட்டு நின்றால் நீங்களும் நில்லுங்கள். ஊர் நடுவில் கனடா பாலம் என்று பலகை பார்த்தால் அந்தத் தடத்தில் ஏறாதீர்கள், ஏறிவிட்டால் எல்லைச் சோதனையில்தான் போய் நிற்பீர்கள், நமக்குக் கனடா விசா தனியாக வேண்டும்.

இன்னொரு விளையாட்டு, இதற்குக் காசே வேண்டாம். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022இல் உற்பத்தி நின்றது, அதற்கு முன்னால் அங்கே செய்த ஈகோஸ்போர்ட் கார்கள் அமெரிக்காவுக்கும் போயின. சாலையில் அந்தக் காரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முன் கண்ணாடியின் மூலையில் தெரியும் வண்டி எண் எம், ஏ, ஜே என்று தொடங்கினால் நம் ஊர்க் கார். நிறுத்திய வண்டிக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன் உடையவரிடம் கேட்டுவிடுங்கள், அங்கே அதைத் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு ஆறாவது நாள் ஒரு மளிகைக் கடை வாசலில் கிடைத்தது. அந்த அம்மாவிடம் கேட்டதும் சரி என்றார், மகன் எண்ணைப் படித்துக் காட்டினான், வாப்பா பானட்டைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று கேட்கச் சொன்னார்.