மேல்நிலை வகுப்பில் பிரெஞ்சு: மதிப்பெண் கரையும் இடங்கள்

மேல்நிலை மாணவர்களின் பிரெஞ்சுக் கட்டுரைகளைத் திருத்த உட்காரும்போதெல்லாம், நாங்கள் படித்த காலத்தில் செய்த அதே தவறுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. எழுத்தின் மேல் குறி போட மறப்பது, வினைத்திரிபில் தடுமாறுவது எல்லாம் எந்த ஆசிரியரும் சொல்லித் திருத்திவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பால் தெரியாமல் சொல்லைப் படிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் நல்ல மாணவர்கள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள்.

தமிழில் மேசையும் அஃறிணை, முடிவும் அஃறிணை. அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை. அதனால் பிரெஞ்சில் ஒரு பொருளுக்கு ஆண்பால், இன்னொன்றுக்குப் பெண்பால் என்றால், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுகிறார்கள். தொடக்க வகுப்பில் ஆண்பால் சொல்லின் முன் வரும் 'லெ'வுக்குப் பதில் பெண்பாலுக்கான 'லா' போட்டால் அரை மதிப்பெண்ணோடு போய்விடும். மேல் வகுப்பில் வாக்கியம் நீள்கிறது. பெயரடை, பிரதிப்பெயர், வினையின் இறந்தகால வடிவம் என்று எல்லாமே அந்தப் பெயர்ச்சொல்லின் பாலைப் பார்த்து மாறுகின்றன.

அண்மையில் ஒரு மாணவி சமூக ஊடகங்களைப் பற்றி எழுதியிருந்தாள். வாதம் அருமை. ஆனால் சிக்கலைக் குறிக்கும் 'ப்ரொப்ளெம்' ஒலிக்காத 'இ'யில் முடிவதால், அது பெண்பால் என்று முடிவுகட்டியிருந்தாள். உண்மையில் ஆண்பால். 'ஒரு' என்பதற்கு ஆண்பால் 'அன்' வரவேண்டிய இடத்தில் பெண்பால் 'யூன்', 'முக்கியமான' என்பதற்கு 'எம்போர்த்தான்' வரவேண்டிய இடத்தில் 'எம்போர்த்தான்த்'. அடுத்த வரியில் அதைச் சுட்ட ஆண்பால் 'இல்'லுக்குப் பதில் பெண்பால் 'எல்'. அதற்கும் அடுத்து, வாக்கியத்தை அந்தச் சொல்லோடு இணைக்க 'ஓக்கெல்' என்று எழுதாமல் பெண்பால் வடிவமான 'ஆ லாக்கெல்'. ஒரே சொல்லின் பால் தெரியாததால் பத்தி முழுக்கச் சிவப்பு மை.

வாய்மொழித் தேர்வில் மறைத்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். அரசு எடுத்த முடிவைப் பற்றிப் பேசும்போது 'லா தெசிசியோன்' முதலில் வந்துவிட்டால், பின்னால் 'எடுத்த' என்று வரும் வினை 'ப்ரி' என்று நிற்காது, 'ப்ரீஸ்' ஆகும். தேர்வாளரின் காதுக்கு அது உடனே எட்டும்.

சொல்லை எழுதும்போதே 'அன்' அல்லது 'யூன்' சேர்த்து எழுதுங்கள். 'லெ', 'லா' போதாது. உயிரொலியில் தொடங்கும் சொற்களுக்கு முன்னால் இரண்டுமே வெறும் 'ல்' ஆகிச் சுருங்கிவிடும். சுற்றுச்சூழலைக் குறிக்கும் 'லான்விரோன்மான்' ஆண்பால், குடியேற்றத்தைக் குறிக்கும் 'லிமிக்ராசியோன்' பெண்பால். முன்னால் இருக்கும் 'ல்'லை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மேல் வகுப்புத் தலைப்புகளில் இப்படிப்பட்ட சொற்கள்தான் நிறைய.

சொல்லின் ஈறும் உதவும். 'சியோன்' என்று முடிபவை ஏறக்குறைய எல்லாமே பெண்பால். 'இஸ்ம்' என்று முடிபவை ஆண்பால். 'மான்' என்ற ஈற்றில் எழுத்து 'எம்-ஈ-என்-டி' என்றிருந்தால் பெரும்பாலும் ஆண்பால். 'ஆஜ்' ஈறும் பெரும்பாலும் ஆண்பால்தான், ஆனால் பக்கம், படம், கடற்கரை ஆகியவற்றைக் குறிக்கும் 'பாஜ்', 'இமாஜ்', 'ப்ளாஜ்' பெண்பால். பள்ளியைக் குறிக்கும் 'லிசே'யும் அருங்காட்சியகமான 'முஸே'யும் எழுத்தில் பெண்பால் போலத் தெரிந்தாலும் ஆண்பால். இந்த விலக்குகளைத் தனித் தாளில் எழுதி வையுங்கள்.

பிரெஞ்சு மொழித் திறனுக்குச் சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வின் பி2 நிலையில் எழுத்துப் பகுதிக்கு ஒரு மணி நேரம், குறைந்தது 250 சொற்கள். அதில் கடைசிப் பத்து நிமிடத்தைப் பாலுக்கென்றே ஒதுக்குங்கள். வேறு எதையும் பார்க்காமல், ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் விரலை வைத்து, அதோடு சேரும் சொற்களைத் தேடிக்கொண்டே போங்கள். கருத்தைப் படிக்க ஆரம்பித்தால் கண் பிழையைத் தாண்டி ஓடிவிடும்.

சப்ஜங்க்டிவை எல்லா இடத்திலும் தூவுவது

சப்ஜங்க்டிவ் என்பது ஐயம், விருப்பம் போன்றவற்றைச் சொல்லும்போது வரும் வினை வடிவம். 'இருந்தபோதிலும்' என்னும் பொருளில் 'பியேன் க' வந்தால் அது வேண்டும், சரி. 'எஸ்பெரே க' என்று நம்பிக்கையை நேராகச் சொல்லும்போது வேண்டாம். 'ஒன்று நடந்த பிறகு' என்னும் 'அப்ரே க'வுக்குப் பிறகும் இலக்கணப்படி வேண்டாம். பிரெஞ்சுக்காரர்களே பேச்சில் வழுக்கும் இடம் அது. உறுதியாகத் தெரிந்த நான்கைந்து அமைப்புகளைச் சரியாகப் போட்டாலே தேர்வாளருக்குப் போதும்.

எழுத்து வடிவத்தைப் பார்த்துக்கொண்டே ஒலிப்பதிவைக் கேட்பது

அது வாசிப்புப் பயிற்சி. மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

இலக்கியக் கேள்விக்குக் கதைச் சுருக்கம்

தேர்வாளர் கதையைப் படித்திருக்கிறார்.

வாய்மொழித் தேர்வுக்கு மனப்பாட உரை

டெல்ஃப் பி2-வில் முப்பது நிமிடம் தயாரிப்பு, பிறகு சுமார் இருபது நிமிடம் பேச்சு. அதில் நீங்கள் தனியாகப் பேசுவது 5 முதல் 7 நிமிடம்தான், மிச்சம் விவாதம். நெட்டுருப் போட்டவர்கள் முதல் பகுதியில் ஆறுபோல் ஓடுவார்கள். "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்று தேர்வாளர் குறுக்கிட்டதும், சொன்ன வாக்கியத்தையே திரும்பச் சொல்லுவார்கள். தயாரிப்பு நேரத்தில் முழு வாக்கியம் எழுதாமல் குறிப்பு மட்டும் எடுங்கள். உங்கள் நிலைப்பாட்டை எதிர்த்து வரக்கூடிய இரண்டு கேள்விகளை நீங்களே எழுதி, அவற்றுக்குப் பதிலை யோசித்துவிட்டு உள்ளே போங்கள்.