எவ்ரிதிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள் (நான் தொலைத்த வளைகாப்பு உட்பட)

“அண்ணே, ஒரே பேர்ல நாலாயிரம் போட்டோ கிடக்குண்ணே. அழிச்சிரட்டுமா?”

ஸ்டுடியோவில் புதிதாகச் சேர்ந்த பையன் போன வாரம் கேட்டான். எட்டிப் பார்த்தால், விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஃபைலைப் பெயர் வைத்து நொடியில் தேடித் தரும் சாஃப்ட்வேரான எவ்ரிதிங் திறந்திருக்கிறது. கன்ட்ரோல் ஏ போட்டுப் பட்டியல் முழுக்க நீலமாகிவிட்டது. விரல் டெலீட் கீக்கு மேலே நிற்கிறது. எனக்குப் பகீரென்றது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அதே நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்ததும் இப்படித்தான்.

எப்படி இன்ஸ்டால் செய்வது, எங்கே டைப் அடிப்பது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பத்து நிமிஷம் நோண்டினால் தானாக வந்துவிடும்.

## ஃபைலுக்குள் இருப்பதையும் தேடும் என்று நம்புவது

விண்டோஸ் டிஸ்க் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் என்ற, ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறையில் இருக்கும். அதில் எல்லா ஃபைலுக்கும் ஒரு வரி போட்டு வைத்த பதிவேடு ஒன்று உண்டு, மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று பெயர். எவ்ரிதிங் ஃபோல்டர் ஃபோல்டராக ஏறி இறங்காமல் அந்தப் பதிவேட்டையே நேராகப் படித்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடக்கும் மாற்றங்களை டிஸ்க் தானே எழுதிவைக்கும் ஜர்னலில் பார்த்துக்கொள்கிறது. வேகத்துக்குக் காரணம் அவ்வளவுதான். பெயர் தெரியும், சைஸ் தெரியும், தேதி தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. உள்ளடக்கத்தைத் தேட ‘கன்டென்ட்’ என்று தனிக் கட்டளை இருக்கிறது. ஆனால் அது ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து படிக்கும். ஒரு ஃபோல்டரையோ ஃபைல் வகையையோ முதலில் குறிப்பிடாமல் அதைக் கொடுத்தால் டீ குடித்துவிட்டு வரலாம்.

## பென் டிரைவ் தெரியவில்லையே?

அது பெரும்பாலும் என்டிஎஃப்எஸ்ஸாக இருக்காது. ஆப்ஷன்ஸில் போய் ஃபோல்டராகச் சேருங்கள்.

## ஒரே பெயர் என்றால் ஒரே ஃபைல் என்று அழிப்பது

இதைத்தான் சொல்ல வந்தேன். டூப்ளிகேட் என்பதைச் சுருக்கி, ‘டூப்’ (dupe) என்று அடித்துப் பக்கத்தில் கோலன் போட்டால், ஒரே பெயரில் ஒன்றுக்கு மேல் இருக்கிற ஃபைலெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பெரும்பாலோர் கையில் இருக்கிற 1.4 பதிப்பில் அது பார்ப்பது பெயரை மட்டும்தான். சைஸைக்கூடப் பார்க்காது.

கேமராவோ 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001-இல் ஆரம்பிக்கும். மூன்று முகூர்த்த சீசன் ஓடினால் டிஎஸ்சி_1102 என்ற பெயரில் மூன்று படம் இருக்கும். ஒன்றில் தாலி கட்டுவார்கள், இன்னொன்றில் காது குத்துவார்கள்.

அன்றைக்கு எனக்கு இது உறைக்கவில்லை. ஆவணி மாசம், டிஸ்க் நிரம்பிவிட்டது, மறுநாள் விடிகாலை முகூர்த்தம். ஒரு கல்யாண ஃபோல்டரும் ஒரு வளைகாப்பு ஃபோல்டரும் ஜோடி ஜோடியாகப் பட்டியலில் வந்தன. புத்திசாலித்தனமாக ஜோடிக்கு ஒன்றை விட்டுவைத்து, பழைய ஃபோல்டரில் இருந்ததை மட்டும் அழித்தேன். ரீசைக்கிள் பின்னுக்குப் போனால் இடம் காலியாகாதே என்று ஷிஃப்ட் டெலீட் வேறு. அப்புறம் அந்தக் காலி இடத்திலேயே மறுநாள் கல்யாணத்தையும் காப்பி செய்தேன்.

ஐந்து மாசம் கழித்து அந்த அக்கா மூன்று மாசக் கைக்குழந்தையோடு வந்து, “தம்பி, வளைகாப்பு ஆல்பம் என்னாச்சு?” என்றார். ஃபோல்டரைத் திறந்தேன். 1102 முதல் 1460 வரை இருக்க வேண்டிய இடத்தில் 1401-க்குப் பிறகு அறுபது படம் மட்டும். கல்யாண ஃபோல்டர் 1400-இல் முடிந்திருந்ததால் அவை மட்டும் தப்பித்தன. அறுபதும் பந்தி. சாம்பார் வாளி, பாயாசம், இலையை மடிக்கும் ஒரு பெரியவர். வளையல் போடுகிற படம் ஒன்றுகூட இல்லை. மெமரி கார்டை எப்போதோ ஃபார்மேட் செய்தாயிற்று. ரெக்கவரி சாஃப்ட்வேரில் கிடைத்தவற்றில் பாதி, கீழ்ப்பக்கம் சாம்பல் பூசிய படங்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், புதியவர்கள் இதில் நிச்சயம் மாட்டுவார்கள். அந்தப் பட்டியலில் வருவது வெறும் தேடல் முடிவு, அங்கே டெலீட் அடித்தால் பட்டியலிலிருந்துதான் போகும் என்று நினைக்கிறார்கள். இல்லை, அசல் ஃபைலே போகும். ஜோடியில் இரண்டும் பட்டியலில் இருப்பதால் கன்ட்ரோல் ஏ போட்டு அழித்தால் இரண்டும் போகும். பென் டிரைவ், நெட்வொர்க் டிரைவ் என்றால் ரீசைக்கிள் பின்னில் போய்த் தேடவும் முடியாது.

அழிக்கத்தான் வேண்டும் என்றால் சைஸ் தலைப்பைக் கிளிக் செய்து வரிசைப்படுத்துங்கள். பெயரும் சைஸும் ஒத்துப்போனால் இரண்டையும் திறந்து பாருங்கள். நிறைய இருந்தால், விண்டோஸிலேயே இருக்கிற பவர்ஷெல் என்ற கட்டளை ஜன்னலில் கெட்-ஃபைல்ஹேஷ் (Get-FileHash) கொடுத்து, ஃபைலின் உள்ளடக்கத்துக்குக் கைரேகை மாதிரி அது தரும் எண்ணை ஒப்பிடுங்கள். அதன் பிறகும் உடனே அழிக்காமல், வேறு டிஸ்க்கில் ஒரு ஃபோல்டருக்கு நகர்த்தி இரண்டு மாசம் போட்டு வையுங்கள். பையனையும் அப்படித்தான் உட்கார வைத்தேன். நாலாயிரத்தில் நிஜமான நகல் நூறுகூடத் தேறவில்லை.

## விண்டோஸ் ஃபோல்டருக்குள் நகல் தேடுவது

கை வைக்காதீர்கள். ஒரே ஃபைல்தான் அங்கே பல இடத்தில் பெயர் காட்டும். அழித்தாலும் இடம் கிடைக்காது.

## நட்சத்திரக் குறி

‘பில்’ என்று மட்டும் அடித்தால் பெயரில் எங்கே பில் இருந்தாலும் வரும். பின்னால் நட்சத்திரம் போட்டால், பில் என்று ஆரம்பிக்கிற பெயர்கள் மட்டும்தான் வரும். சும்மா இருங்கள், அதுவே போதும்.

## நேற்று வந்தது, இன்று வரவில்லை

கன்ட்ரோல் ஐ தெரியாமல் பட்டிருக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்கிற வேலை ஆன் ஆகியிருக்கும். இன்னொரு தடவை அழுத்துங்கள்.

## ஹெச்டிடிபி சர்வர்

உங்கள் ஃபைல்களை வேறு கம்ப்யூட்டரிலிருந்து பிரவுசர் வழியாகப் பார்க்க விடும் வசதி இது. என்னவென்று தெரியாமல் ஆன் செய்யாதீர்கள். தெரிந்தவர்கள் பாஸ்வேர்டு போடாமல் ஆன் செய்யாதீர்கள்.